புதுப்பிப்பு: தலைக்கு மேல் போகும் பந்து

காட்பாடியில் நான் பயிற்சி தரும் சாஃப்ட்பால் (பேஸ்பால் போன்ற ஆட்டம்) பிள்ளைகள், தலைக்கு மேல் போகும் பந்தைத் தவறவிடுகிறார்கள் என்று போன மாதம் எழுதியிருந்தேன். கோளாறு முதல் அடி எடுத்துவைப்பதில்தான். பந்து அடிபட்டதுமே எல்லோரும் முன்னால் ஓடினார்கள். இப்போது முதல் அடி பின்னால்: பந்து போகும் பக்கத்துக் காலை இடுப்போடு திருப்பிப் பின்வைத்து, அப்படியே திரும்பி ஓட வேண்டும். முகத்தைப் பந்துக்குக் காட்டிக்கொண்டு பின்னாலேயே நகர்வது கூடாது. இரண்டு வாரம் மட்டையே எடுக்கவில்லை, கையால்தான் எறிந்தேன். வேலூர் வெயிலாச்சே, காலை 6 மணிக்கே தொடங்கிவிடுவோம்.

எறிவதில் இன்னும் குறை இருக்கிறது. ஓடுபவர் தொட வேண்டிய தளங்களுக்கு (பேஸ்) இடையே 60 அடிதான், சட்டென்று வந்துவிடுவார். பந்தை வாங்கித் தளத்துக்கு அனுப்ப நடுவில் நிற்பவரின் மார்புக்கு எறியச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

நேற்று இடது ஓரத்தில் நின்ற பிள்ளை திரும்பி ஓடிப்போய் ஒரு பந்தைப் பிடித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.