டேப்லெட்டில் இடம் இல்லையென்று படங்களை அழித்தேன், அம்மா போனிலும் காணவில்லை. யாராவது உதவுங்கள்

கேட்டவர் (புளியரை):
வணக்கம். பதற்றத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 32 ஜிபி டேப், பையன் ஆன்லைன் வகுப்புக்கு வாங்கியது, இப்போது வீட்டில் எல்லாருக்கும் பொது. ஒரு வாரமாக "இடம் இல்லை" என்று காட்டிக்கொண்டே இருந்தது, கேமராவைத் திறந்தால் படம் எடுக்கவே விடவில்லை. எல்லாம்தான் கூகுள் போட்டோஸில் ஏறிவிட்டதே என்று நம்பி, நேற்று ராத்திரி அந்த ஆப்பிலேயே உட்கார்ந்து நானூறு ஐந்நூறு படத்தை அழித்தேன். காலையில் அதே கணக்கு போட்டிருக்கும் அம்மா போனைப் பார்த்தால் அங்கேயும் இல்லை.

அதில் அப்பா படங்கள் இருக்கின்றன. அப்பா செங்கோட்டை–புனலூர் ரயில் லைனில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன். 2010-இல் மீட்டர்கேஜ் ரயிலை நிறுத்துவதற்கு முன்னால் பதிமூன்று கண் பாலத்துப் பக்கம் கூட்டாளிகளோடு தோளில் கடப்பாரையுடன் நிற்கிற படம் ஒன்று உண்டு. ஆல்பத்தைக் கரையான் அரித்துவிட்டது. அதற்கு முன் டேபில் படம் பிடித்து வைத்ததுதான் மிச்சம். அப்பாவும் இல்லை, இப்போது இதுவும் இல்லையா?

ஸ்டுடியோக்காரர் (தென்காசி):
தங்கச்சி, முதலில் மூச்சு விடுங்கள். நேற்றுதானே அழித்தீர்கள், படம் எங்கும் போயிருக்காது. ஆப்பில் கீழே "கலெக்‌ஷன்ஸ்" (பழைய ஆப் என்றால் "லைப்ரரி"), அதற்குள் "ட்ராஷ்". பேக்கப் ஆன (கணக்கில் ஏறிய) படம் அங்கே 60 நாள் கிடக்கும், பேக்கப் ஆகாதது 30 நாள். அழுத்திப் பிடித்துத் தேர்ந்தெடுத்து "ரீஸ்டோர்" கொடுங்கள். தப்பித்தவறி "எம்ப்டி ட்ராஷ்" பக்கம் விரல் போய்விடக் கூடாது.

நீங்கள் செய்தது எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் செய்வதுதான். அந்த ஆப்பில் டெலிட் கொடுத்தால் டேபிலும் போகும், கணக்கிலும் போகும், அந்தக் கணக்கு இருக்கிற எல்லாக் கருவியிலும் போகும். டேபில் மட்டும் இடம் வேண்டுமென்றால் ஆப்பின் மேலே உங்கள் கணக்குப் படத்தைத் தொட்டால் வருகிற "ஃப்ரீ அப் ஸ்பேஸ்" கொடுங்கள். அது ஏற்கெனவே கணக்கில் ஏறிய படத்தை மட்டும் டேபிலிருந்து எடுக்கும்.

கேட்டவர் (புளியரை):
அண்ணாச்சி, உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும். ட்ராஷில் 438 படம் இருந்தது, எல்லாம் திரும்பிவிட்டது, கடப்பாரைப் படமும்! அம்மா அழுதுவிட்டாள். ஆனால் ஒரு சந்தேகம். ஃப்ரீ அப் ஸ்பேஸ் கொடுத்தால் 300 எம்பிதான் காலியாகும் என்கிறது. 20 ஜிபி படம் இருக்கும்போது இவ்வளவுதானா?

ஆரியங்காவு வாசி:
அப்படியென்றால் மீதிப் படம் கணக்கில் ஏறவே இல்லை, அதனால்தான். நல்லவேளை, அழிப்பதற்கு முன் கேட்டுவிட்டீர்கள். கணக்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பாருங்கள். இலவசம் 15 ஜிபிதான், அதுவும் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. 2021 ஜூன் 1-க்கு முன்னால் "ஹை குவாலிட்டி"யில் (அளவைச் சுருக்கி) ஏற்றியது மட்டும் கணக்கில் சேராது, அதற்குப் பிறகு எல்லாமே சேரும். வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அந்த 15-க்குள்தான். நிறைந்துவிட்டால் படம் ஏறாது, மெயிலும் வராது.

அப்புறம் நம்ம பக்கத்துப் பிரச்சினை ஒன்று. டேபில் சிம் போட்டிருந்தால், மலை ஓரத்தில் பக்கத்து மாநில டவருக்கு மாறி ரோமிங் என்று காட்டும். போட்டோஸ் பேக்கப் அமைப்பில் மொபைல் டேட்டா பகுதியில் ரோமிங்கில் ஏற்ற அனுமதி தனியாக இருக்கிறது, அதைப் போடாவிட்டால் எங்கள் வீட்டில் நடந்த மாதிரி வாரக்கணக்கில் ஒரு படமும் ஏறாது. சீசனில், கார்த்திகை பிறந்து அய்யப்பமார் வண்டி வரிசையாக நிற்கிற நாளில், எதுவும் நகராது, அதற்கு எந்த அமைப்பும் கிடையாது.

கேட்டவர் (புளியரை):
கணக்கு 15-க்கு 15 நிறைந்திருக்கிறது, போன தீபாவளியோடு ஏறுவது நின்றுபோயிருக்கிறது. காசு கட்டாமல் வழி உண்டா? மெமரி கார்டு வாங்கி எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா? ஒரு இடத்தில் 512 ஜிபி கார்டு ரொம்ப மலிவாகக் கிடைக்கிறது.

ஸ்டுடியோக்காரர் (தென்காசி):
அந்தக் கார்டைத் தொடாதீர்கள். 16, 32 ஜிபிதான் உள்ளே இருக்கும், வெளியே 512 என்று பொய் சொல்லும். நிறைந்த பிறகும் "காப்பி ஆகிவிட்டது" என்றே காட்டும். கோப்புப் பெயரெல்லாம் வரிசையாக இருக்கும், திறந்தால் மேலே நெற்றியும் கண்ணும், கீழே சாம்பல் பட்டை. ஒரு கல்யாண ஆல்பம் முழுக்க அப்படிப் பார்த்திருக்கிறேன், மாப்பிள்ளைக்கு வாயே இல்லை.

இடம் தின்பது பெரும்பாலும் உங்கள் படம் அல்ல. வாட்ஸ்அப் அமைப்பில் "ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா", "மேனேஜ் ஸ்டோரேஜ்" போய்ப் பாருங்கள். 5 எம்பிக்கு மேல் உள்ளது, பலமுறை ஃபார்வர்டு ஆனது என்று பிரித்தே வைத்திருக்கும். காலை வணக்க வீடியோக்களை அங்கே அழியுங்கள், ஆட்டோ டவுன்லோடையும் நிறுத்துங்கள். பிறகு யாராவது கம்ப்யூட்டர் வைத்திருந்தால் கேபிள் போட்டு, "ஃபைல் டிரான்ஸ்ஃபர்" தேர்ந்தெடுத்து, கேமரா படங்கள் இருக்கும் டிசிஐஎம் (DCIM) ஃபோல்டரை காப்பி செய்யுங்கள். கட் செய்யாதீர்கள், நடுவில் கேபிள் ஆடினால் தொலைந்தோம். காப்பி ஆன பிறகு நாலைந்து படத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் டேபில் அழிக்க வேண்டும்.

ஆரியங்காவு வாசி:
அண்ணாச்சி சொல்வது சரி, ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கம்ப்யூட்டரில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று என்று இரண்டு இடம் வையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் வேறு ஃபோல்டரில் இருக்கும், டிசிஐஎம்மில் தேடி ஏமாறாதீர்கள். அப்பா படத்தை மட்டும் செங்கோட்டையில் பிரிண்டும் போட்டுவிடுங்கள், ஆனால் சுவரில் மாட்டுங்கள், அலமாரியில் வைத்தால் மறுபடியும் கரையான்.

கேட்டவர் (புளியரை):
இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் மட்டும் 9 ஜிபி, மாமா அனுப்பிய வீடியோவே 4 ஜிபி. அவரிடம் சொல்லவில்லை. அத்தான் லேப்டாப்பில் காப்பி செய்து, பென்டிரைவிலும் போட்டாகிவிட்டது. பிரிண்ட் எடுக்கப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அப்பாவுக்குப் பின்னால் தூக்குவாளியோடு நிற்கிறது அம்மா.