புதுப்பிப்பு: மன்னிப்புக் கேட்கப் போய்ச் செத்த கேப்டன் யாரென்று தெரிந்துவிட்டது

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: ஸ்டார் வார்ஸ் படங்களில் வில்லன் டார்த் வேடரிடம் மன்னிப்புக் கேட்கப் போய், கழுத்து நெரிபட்டுச் சாகும் அதிகாரி யார்? நான் ஓசல் என்றேன், மச்சான் இல்லை என்றார். பந்தயம், கும்பகோணத்தில் டிகிரி காபி.

"நீடாவா இருக்கும், 1980இல் வந்த படத்தைப் பாருங்க" என்று ஒருவர் சொன்னதுதான் சரி. ஞாயிற்றுக்கிழமை கரண்ட் வந்ததும் உட்கார்ந்து பார்த்தோம்.

அட்மிரல் ஓசல் முன்னாலேயே போய்விடுகிறார். கிளர்ச்சிக்காரர்கள் ஒளிந்திருக்கும் ஹோத் கிரகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்திய தப்புக்கு. வேடர் எதிரில்கூட இல்லை, திரை வழியாகவே நெரிக்கிறார். கேப்டன் நீடா கதை வேறு. ஹீரோக்களின் விண்கப்பலான ஃபால்கனைத் தவறவிட்டதற்குப் பொறுப்பேற்று, ஷட்டில் பிடித்து அவரே நேரில் போகிறார். ஃபால்கனோ அவர் கப்பலின் முதுகிலேயே பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது! பாவம் மனுஷன்.

நான் எதிர்பார்க்காதது பியட் என்கிற இன்னொரு அதிகாரி. ஓசல் மூச்சுத் திணறும்போது பக்கத்தில் விறைத்து நிற்கிறவருக்கு அங்கேயே அட்மிரல் பதவி. நீடா விழுந்ததும் வேடரிடம் தகவல் சொல்ல வருவதும் அவர்தான். 1983 படம் வரைக்கும் தாக்குப்பிடிக்கிறார்.

காபி காசு என் தலையில். மச்சான் இரண்டு டம்ளர் குடித்தார்.