தம்பி தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாமா? ஆண்களுக்கு இடமே இல்லை என்கிறார்கள்

சாம்பல்தீவு ஆசிரியை:

வணக்கம். இலங்கையில் திருகோணமலைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். தம்பிக்காகக் கேட்கிறேன். வயது இருபத்திரண்டு. உயர்தரத்தில் உயிரியல் பிரிவு, மூன்று பாடமும் சித்தி. ஆனால் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குப் போதவில்லை. தாதியர் பயிற்சிக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அம்மாவுக்கு விருப்பமில்லை. பெரியப்பாவோ, "தாதி என்ற சொல்லே பெண்பால், அதற்குள் நீ எங்கே போய் நிற்பாய்?" என்று கேட்டுவிட்டார். அவர் தமிழ் படிப்பித்தவர். இலக்கணத்தில் அவரை வென்றவர் எங்கள் குடும்பத்தில் இதுவரை இல்லை.

என் கவலை வேறு. விளம்பரத்தை வாசித்தேன். நூறு இடமென்றால் ஆண்களுக்கு வைத்திருப்பது ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். குடும்பநல உத்தியோகத்தர், அதாவது வீடுவீடாகப் போகும் மருத்துவமாது வேலை முழுக்கப் பெண்களுக்கே. இது நியாயமா? எங்கேயாவது கேட்கலாமா? பெண்ணாக இருந்துகொண்டு நான் இதைக் கேட்பது சரியா என்றும் குழப்பமாக இருக்கிறது.

தம்பிக்கு இந்த எண்ணம் எப்படி வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. எந்த வைத்தியசாலை என்று எழுதப் போவதில்லை. ஆண்கள் விடுதி, இரவில் இரண்டே மிஸ்மார் (தாதிமார்). அப்பா நாற்பது வருடம் கரைவலை இழுத்தவர். பின்னேரத்திலிருந்து சிறுநீரை அடக்கிக்கொண்டே கிடந்திருக்கிறார், ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. நள்ளிரவில் தம்பி தொட்டுப் பார்த்தபோது அடிவயிறு கல்லாக இருந்தது. மிஸ் குழாய் போட வந்தார். அப்பா இயங்கும் இடக்கையால் சாரத்தின் முடிச்சைப் பிடித்தார், விடவேயில்லை. "ஐயா, நான் உங்கள் மகள் மாதிரி" என்றார் அந்தப் பிள்ளை. குழறிய வாயால் அப்பா சொன்ன பதில்: "மகள் மாதிரி என்றபடியால்தான்."

வேறு விடுதியிலிருந்த ஆண் வைத்தியர் ஒருவர் வந்து சேர விடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பத்தொன்பது நாளும் போத்தல் பிடித்தது, துடைத்தது, படுக்கைப்புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பியது எல்லாம் தம்பிதான். விரிப்பைப் பிடித்து எப்படித் திருப்புவது என்று சொல்லிக்கொடுத்தவரும் அதே மிஸ்தான்.

கிண்ணியாவில் ஓய்வுபெற்ற மருத்துவமாது:

பிள்ளை, என் வேலைக்கு ஆண்களை எடுக்காததைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது எனக்குத் தெரியும். ஒன்றரை வருடப் பயிற்சி முடித்து நான் வந்தபோது கிண்ணியாவுக்குப் பாலமில்லை. 2009இல் பாலம் திறக்கும்வரை சைக்கிளோடு 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். தோளில் ஒரு பை. அதற்குள் தொங்குதராசு, பதிவேடு, நாடா.

ஒரு வீடு. கிடுகு வேலி, படலையில் மாமியார். பிள்ளை பிறந்து பதினோராம் நாள். "தாயும் பிள்ளையும் சுகம்தான் மிஸ்" என்று படலையிலேயே பதில் வந்துவிட்டது. நான் தண்ணீர் கேட்டேன். தண்ணீர் கேட்டவரை வெளியே நிறுத்த மாட்டார்கள், அது எங்கள் பழைய தந்திரம். தராசை மாமரக் கிளையில் கட்டிப் பிள்ளையை நிறுத்தேன். பிறந்த நிறைக்குக்கூட வந்து சேரவில்லை. உள்ளே போய்த் திரையைப் போட்டுவிட்டுத் தாயிடம் சட்டையைக் கழற்றச் சொன்னேன். இடது மார்பு சிவந்து, வீங்கி, தொட முடியாத சூடு. நான்கு நாளாகப் புருசனிடம்கூடச் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அன்று ஆண் ஒருவர் போயிருந்தால் படலையில் நின்று சுகமா என்று கேட்டு, சுகம் என்று எழுதிக்கொண்டு திரும்பியிருப்பார். அவர்மேல் குற்றமில்லை, அந்தப் படலை அவருக்குத் திறக்காது.

களுத்துறையில் 1926இல் முதல் சுகாதார அலகு தொடங்கிய நாள் முதல் இந்த நாட்டில் இந்த வீடுவீடான வேலை நடக்கிறது. பிரசவத்தில் தாய்மார் சாவது இங்கே இவ்வளவு குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்த வேலையைப் பெண்களுக்கென்று வைத்ததை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அது எனக்குக் கொடுத்த சலுகை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. திரைக்குப் பின்னால் சட்டையைக் கழற்றியவளுக்குக் கொடுத்தது அது. அப்படிப் பார்த்தால் உன் அப்பா பிடித்திருந்த சாரத்து முடிச்சும் அதே கணக்கில்தான் வர வேண்டும். ஆண்கள் விடுதியில் வெட்கப்படும் கிழவர்களின் வேலை கடைசியில் யார் தலையில் விழுகிறது? சிற்றூழியர் தலையில், இல்லாவிட்டால் உன் தம்பி மாதிரிப் பயிற்சியே இல்லாத பிள்ளைகளின் தலையில். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆண்கள் விடுதித் தாதி:

நான் ஆறு வருடமாக ஆண்கள் விடுதியில் வேலை செய்கிறேன். மருத்துவமாது அம்மா சொன்னதில் பாதியைத்தான் ஏற்பேன்.

அக்கா, உங்கள் அப்பா அன்று விடியும்வரை துடித்ததற்கு ஆண் தாதி இல்லாதது மட்டுமா காரணம்? இரண்டு பேர்தான் இருந்தார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். திரையை இழுத்துவிட்டு, பக்கத்தில் கதிரை போட்டு, கடலைப் பற்றி, வலையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினால் பெரும்பாலான ஐயாமார் சம்மதிப்பார்கள். நான் கண்டிருக்கிறேன். அந்தப் பத்து நிமிடம் இரவில் எங்களுக்குக் கிடைப்பதில்லை.

இன்னொன்று. திரியாயிலிருந்தோ வெருகலிலிருந்தோ விஞ்ஞானம் படித்து வரும் பெண்பிள்ளையை வீட்டில் நம்பி அனுப்பும் வேலைகள் இரண்டு: ஒன்று ஆசிரியர், மற்றது தாதி. அதில் ஒன்றை அகலத் திறந்துவிட்டால் ஆண்பிள்ளைக்கு இருபது வாசலில் இருபத்தோராவது வாசல் கிடைக்கும். அவளுக்கு இருந்த இரண்டில் ஒன்று குறுகிவிடும். நோயாளியைத் தூக்க ஆண் வேண்டும் என்ற கதையைத் தயவுசெய்து இங்கே யாரும் தொடங்க வேண்டாம். எண்பது கிலோ ஆளை விரிப்போடு திருப்ப உங்கள் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று பாருங்கள்.

தம்பி விண்ணப்பிக்கட்டும். நல்ல பிள்ளையாகத் தெரிகிறது. வந்தால் என் விடுதிக்கே வரட்டும்.

மதுரைக்காரன்:

கடலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். முதலில் பெரியப்பாவுக்கு ஒரு செய்தி: எங்கள் ஊரில் 'செவிலியர்' என்று எழுதுகிறோம். 'அர்' விகுதி போட்டால் ஆணும் பெண்ணும் அதற்குள் அடங்கிவிடுவார்கள். தாதியும் தாதியர் ஆகிவிட்டால் அவர் வழக்கு தள்ளுபடி.

இதே சண்டை இங்கேயும் உண்டு. எய்ம்ஸ் என்ற மத்திய அரசு மருத்துவமனைகளில் செவிலிய அலுவலர் பணியிடங்களில் 80 சதவீதம் பெண்களுக்கு, 20 சதவீதம் ஆண்களுக்கு என்று 2019இல் முடிவெடுத்தார்கள். தேர்வு எழுதிக் காத்திருந்த ஆண்கள் கொதித்துப்போய் நீதிமன்றம் வரை போனார்கள். அரசியலமைப்பின் 16(2) பாலின அடிப்படையில் அரசு வேலையில் பாகுபாடு கூடாது என்கிறது, 15(3) பெண்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்கிறது. இரண்டு தரப்பும் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொள்ளும்.

என் கருத்தைக் கேட்டால், தமிழ்நாட்டு அரசு வேலையில் 1989 முதல் பெண்களுக்கு இருந்துவந்த 30 சதவீதம் வேறு வகை. 2021இல் அதை 40 ஆக்குவதாகச் சட்டசபையில் அறிவித்தார்கள். அதில் பெண்ணுக்குக் குறைந்தது இவ்வளவு என்று இருக்கும், மீதியில் இருவரும் போட்டியிடுவார்கள். ஆணுக்கு இதற்கு மேல் இல்லை என்று எய்ம்ஸில் போட்டது கூரை. உங்கள் விளம்பரத்தில் இருப்பதும் கூரை மாதிரித்தான் தெரிகிறது. கிராம சுகாதாரச் செவிலியர் வேலை மட்டும் இங்கேயும் பெண்களுக்கே. அதை எதிர்த்து யாரும் கூச்சல் போட்டு நான் கேட்டதில்லை.

கச்சேரியில் இருந்தவர்:

கச்சேரியில், அதாவது மாவட்ட அரச செயலகத்தில், வேலை செய்து ஓய்வுபெற்ற எழுதுவினைஞன். நியாயம் அநியாயத்தை மற்றவர்கள் பேசிவிட்டார்கள், நான் கடதாசியைப் பற்றிச் சொல்கிறேன்.

நமது இலங்கை அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால் முதலிய காரணங்களால் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. 12(4) பெண்கள், பிள்ளைகள், இயலாமை உள்ளவர்களின் முன்னேற்றத்துக்காக விசேட ஏற்பாடு செய்யலாம் என்கிறது. தாதியர் பங்கீடு அந்த 12(4)க்குள் வருமா என்பதுதான் கேள்வி. அடிப்படை உரிமை மனுவைக் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்தில் (சுப்ரீம் கோர்ட்) 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதம் பலரைக் கவிழ்த்திருக்கிறது. விண்ணப்பித்து, நிராகரித்து, யோசித்து, கோயிலுக்குப் போய் வருவதற்குள் முடிந்துவிடும். கொழும்புக்கு ஓட வசதியில்லாவிட்டால் அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடலாம். அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. அதன் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது.

அதற்கு முன் செலவில்லாத வேலை ஒன்று. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு கடிதம் போடுங்கள். கடந்த ஆட்சேர்ப்பில் எத்தனை ஆண்கள் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரை எடுத்தார்கள், அந்த விகிதம் எந்தச் சேவைப் பிரமாணத்தில் (அந்தச் சேவையின் விதிக்கோவையில்) எழுதப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். தருவதா மறுப்பதா என்பதைப் பதினான்கு வேலை நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும். விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். சாதாரணத் தபாலில் போட்டுவிட்டு அழுதவர்களை என் மேசைக்கு முன்னால் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சாம்பல்தீவு ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. தாதித் தங்கைக்கு ஒரு வார்த்தை: நீங்கள் சொன்ன பத்து நிமிடத்தை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "கடலைப் பற்றிக் கேட்டிருந்தால் விட்டிருப்பேனோ என்னவோ" என்றார். அவரும் முழுதாக விட்டுக்கொடுக்கவில்லை.

பெரியப்பா 'அர்' விகுதியைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

தகவல் கேட்கும் கடிதத்தை நேற்றே எழுதிவிட்டேன். விண்ணப்பத்தைத் தம்பி தன் கையால்தான் நிரப்புவேன் என்று இரவு உட்கார்ந்தான். 'ஆண் / பெண், பொருந்தாததை வெட்டிவிடவும்' என்ற இடத்தில் பேனையை அழுத்திய அழுத்தில் கடதாசி கிழிந்துவிட்டது. இன்று பள்ளிக்கூடம் விட்டதும் நகரத்துக்கு பஸ் ஏறி இன்னொரு படிவம் அச்செடுத்து வந்தேன். இந்த முறை மூன்று பிரதி.