1822 தஞ்சாவூர் நாவல்: கருப்பூர்ச் சேலையும் தறியும் சரியா வருதா?

பொன்னிக்கரை கேட்டது:
மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்துத் தஞ்சாவூரை வைத்து நாவல் எழுதுகிறேன். கதை நடப்பது 1822. அரண்மனைப் பெண் கோடாலிக்கருப்பூர்ச் சேலை கட்டும் இடம் இப்போது இப்படி இருக்கிறது: "ராணிக் கலர் பட்டில் தங்கச் சரிகை பளபளக்க, கொசுவத்தை ஊக்குக் குத்தி நிறுத்தினாள்." இது போக, கருப்பூரில் சாயம் போடும் காட்சி ஒன்று, நெசவாளர் தெருவில் ஒரு கல்யாணம். எங்கெங்கே தப்பு? எதைப் பார்த்துத் திருத்தலாம்?

சாயவேர்:
கருப்பூர்ச் சேலை பட்டு இல்லை சார், பருத்தி. வெளுக்காத பருத்தியில் சரிகையைக் கைவிரலால் கோத்துப் பூ எடுத்து நெய்வார்கள். தறியிலிருந்து இறங்கிய பிறகுதான் மெழுகும் சாயமும். பூவைச் சுற்றிச் சிவப்பு இறங்கிவிடுவதால் சரிகை பளபளக்காது. செப்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் வருமே, அந்த நிறம். விளக்கருகே ஆள் அசையும்போதுதான் தங்கம் என்று தெரியும்.

ராணிக் கலர் கூடவே கூடாது. செயற்கைச் சாயமே 1856-இல் லண்டனில் பெர்கின் கண்டுபிடித்த ஊதாவில்தான் தொடங்குகிறது. உங்கள் காலத்தில் சிவப்புக்குச் சாயவேர், நீலத்துக்கு அவுரி. கறுப்புக்குத் துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் இரண்டு மூன்று வாரம் ஊறப்போட்ட காடி.

சாயக் காட்சியில் வரிசை மாறக் கூடாது. கஞ்சி போக அலசிய துணியைக் கடுக்காய்த் தூள் கலந்த எருமைப் பாலில் முக்கிக் காயவைப்பார்கள். பாலின் கொழுப்புதான் கோடு பரவாமல் பிடிப்பது. தண்ணிப் பாலானால் கலம் (கோடு போடும் மூங்கில் எழுதுகோல்) வைத்த இடமெல்லாம் கசியும். அடுத்து, வெள்ளையாக நிற்க வேண்டிய கோடுகளுக்குச் சூடான தேன்மெழுகு. ஆறிய மெழுகு நூலுக்குள் இறங்காமல் மேலேயே உட்காரும், அடியில் படிகாரம் ஊர்ந்துவிடும். பிறகு படிகாரம் பூசி, காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் அலசி, அதன்பின் சாயவேர் அண்டா.

மெழுகு சாயத்தைத் தடுக்கிறது என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். கொதிக்கிற அண்டாவில் மெழுகு உருகிப் போய்விடுமே! அது தடுப்பது படிகாரத்தை. படிகாரம் படாத நூலில் சிவப்பு நிலைக்காது, அலசினால் போய்விடும். துணியை வெதுவெதுப்பான சாயத்தில் போட்டுச் சூட்டை மெல்ல ஏற்ற வேண்டும். கொதியில் நேரே போட்டால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். உங்கள் பாத்திரம் ஒரு தப்புச் செய்தாக வேண்டும் என்றால் இந்த இடத்தில் செய்யட்டும்.

கருப்பூர் கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது. மேட்டூர் அணை வந்தது 1934-இல்தான். அதற்கு முன் ஆடியில் புதுவெள்ளம் கலங்கலாக வரும், சேறு துணியில் படியும். அலசுகிற காட்சியை அந்த மாதத்தில் வைக்காதீர்கள்.

பாவுநூல்:
ஊக்குக்குக் காப்புரிமை வாங்கியதே 1849-இல், அமெரிக்காவில். உள்பாவாடை, ஃபால், தையல் மிஷின் எதுவும் அன்று இல்லை. மராட்டிய அரண்மனைப் பெண் கட்டுவது பதினெட்டு முழம். இடுப்பில் முடிச்சுப் போட்டு, கொசுவத்தைக் கால்களுக்கு நடுவே பின்னுக்கு இழுத்துச் செருகுகிற கச்சம். ரவிக்கைக்கும் முன்பக்கம் முடிச்சுதான். செருகி முடிகிறவரை கையை எடுக்க முடியாது, வாசலில் யார் கூப்பிட்டாலும் நகர முடியாது. முக்கியமான வசனம் ஏதாவது இருந்தால் அங்கே வையுங்கள்.

தெருவில் 'டக் டக்' என்று தறிச் சத்தம் எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். அது கயிறு இழுத்து ஓட்டும் விசைநாடாவின் சத்தம் (நாடா என்பது குறுக்கு நூலைக் கொண்டுபோகும் ஓடம்). நம் பக்கத்துக் கைத்தறிகளில் அது 20ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. 1822-இல் குழித்தறியில் உட்கார்ந்து நாடாவை ஒரு கையால் தள்ளி மறு கையால் பிடிப்பார்கள். காதில் விழுவது அச்சுப்பலகை மோதும் மந்தமான ஒலியும் மிதி மாறும் கிறீச்சும். பாவுக்கு, அதாவது தறியில் நீளவாட்டில் ஓடும் நூலுக்கு, கஞ்சி போடுவதை விடியற்காலையில் வையுங்கள். வெயில் ஏறுவதற்குள் தெரு நீளத்துக்கும் தூரிகை ஓடி முடிய வேண்டும். இல்லாவிட்டால் கஞ்சி முறுகி, தறியில் ஏற்றியதும் இழை இழையாக அறும்.

கல்யாணப் பெண்ணுக்குக் கூறைநாட்டுக் கூறை போதும். பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் போட்டது. கூறைநாடு இருக்கும் ஊரை மாயவரம் என்றே எழுதுங்கள், மயிலாடுதுறை 1982-இல் திரும்ப வைத்த பெயர்.

பொன்னிக்கரை:
ரொம்ப நன்றி. சதிர் (பரதநாட்டியத்தின் பழைய பெயர்) ஆடும் பெண்ணுக்குக் கருப்பூர்ச் சேலை கட்டலாமா?

அகழிவாசல்:
அது அரண்மனைக்கென்றே நெய்த துணி, சந்தையில் வாங்கியதாக வைக்க முடியாது. அரண்மனை கொடுத்ததாக வைத்தால்தான் நிற்கும். அப்போது யார், எதற்காகக் கொடுத்தார்கள் என்பதையும் கதை சொல்லியாக வேண்டும்.

பார்க்க வேண்டியவை: மராத்தியை எழுதிய மோடி எழுத்தில் உள்ள அரண்மனை ஆவணங்களைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி வெளியிட்டிருக்கிறது. வரவு செலவு விவரம் அங்கே கிடைக்கும். சாதாரண மக்கள் உடைக்கு, 1800-ஐ ஒட்டித் தஞ்சாவூர் ஓவியர்கள் வெள்ளைக்காரர்களுக்காகத் தொழில்வாரியாகக் கணவன் மனைவி ஜோடியாக வரைந்த படங்கள் உண்டு. பிரிட்டிஷ் மியூசியத்தின் இணையத்தளத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். உடை கட்டிய விதத்தையும் முடிச்சையும் நம்புங்கள், சுத்தத்தை நம்பாதீர்கள். குயவர்கூடச் சலவை வேட்டியில்தான் நிற்பார்.

அரண்மனையில் இருக்கும் சரபோஜியின் சலவைக்கல் சிலையை வைத்து உடை மடிப்பை எழுத வேண்டாம். அதைச் செய்த ஆங்கிலேயச் சிற்பி பிளாக்ஸ்மன் இந்தியாவுக்கே வந்ததில்லை, அந்த மடிப்பெல்லாம் அவர் பழகிய கிரேக்க ரோமச் சிலைகளின் மடிப்பு. சேலைக்கு எழும்பூர் அருங்காட்சியகத்தின் கருப்பூர்த் துணியைப் பாருங்கள். சரிகைக்கும் சிவப்புக்கும் நடுவே மெழுகு விட்ட வெள்ளைக் கோடு எவ்வளவு மெல்லிசு என்று கவனித்துவிட்டு அந்த முதல் வரியைத் திரும்ப எழுதுங்கள்.