வெளிநாட்டுக் களம், இணையவழி வகுப்பு: இது முதுமாணிப் படிப்பாகுமா?

வெள்ளவத்தை ஆசிரியை
உயர்தர வகுப்பில் உயிரியல் கற்பிக்கிறேன். வேலையை விடாமல் முதுமாணி முடிக்க விரும்புகிறேன். ஒகையோ மாநிலத்து மயாமி பல்கலைக்கழகம் அதற்கேற்ற திட்டமொன்றை உருவாக்கியது. கோடையில் சில நாட்கள் நமீபியா, பெலீஸ், போர்னியோ போன்ற இடங்களில் இயற்கைப் பாதுகாப்புக் களப்பணி, மீதி இணையவழியில். இத்தகைய படிப்பில் சேரலாமா?

கொட்டாஞ்சேனை வாசி
வேண்டாம் ரீச்சர். சில நாட்களில் ஒரு காட்டின் பறவைக் குரல்கள்கூடப் பிடிபடாது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியதைப் பார்த்தோம். டொலரில் கட்டணம் கட்டுவது ஆபத்து. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றிருக்கிறது. வெளிநாட்டார் வந்து தரவை அள்ளிக்கொண்டு போகும் 'பாராசூட் அறிவியலை' நம் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் தொடர்ந்து கண்டிக்கிறார். நமக்குச் செய்தால் வலிக்கிறது. நமீபியாவில் நாமே அதைச் செய்யலாமா?

தெகிவளை மாணவன்
ஐயா, அங்கே போவது தரவை அள்ளுவதற்கு அல்ல. 1990இல் தொடங்கிய சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம், 1994 முதல் நமீபிய விவசாயிகளுக்குக் காவல் நாய்களைக் கொடுக்கிறது. நாய் மந்தையைக் காக்கிறது. ஆடு தப்பினால் சிவிங்கிப்புலியைச் சுடும் தேவை குறைகிறது. விலங்கைக் காக்க முதலில் விவசாயியின் இழப்பைக் குறைக்க வேண்டும் என்பதை அந்தப் பட்டியருகே நின்று பார்க்க வேண்டும். யானையோடு மல்லுக்கட்டும் நம் நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் ஏது? ஊர் திரும்பியதும் சொந்த ஊரில் செயற்றிட்டம் செய்வதும் அந்தப் படிப்பின் பகுதிதான்.

கொட்டாஞ்சேனை வாசி
அப்படியானால் சொந்த ஊரிலேயே தொடங்குங்கள், தம்பி. கொழும்பு 2018இல் ராம்சார் எனும் சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கு பஸ்ஸில் போகலாம். இந்த நகரத்துச் சதுப்புகளில் மீன்பிடிப் பூனை வாழ்கிறது! இங்கே ஆண்டு முழுவதும் களம் திறந்திருக்கும்போது விமானம் எதற்கு?

தெகிவளை மாணவன்
களம் திறந்திருந்தால் போதுமா? கேள்வி கேட்கவும் அளக்கவும் கற்றுத்தர ஆள் வேண்டும். வேலை பார்ப்பவர் மாலையில் அதைக் கற்க இணையவழி வகுப்பே கைகொடுக்கும்.

வெள்ளவத்தை ஆசிரியை
ஐயா சொன்ன பாராசூட் விடயம் என்னை உறுத்துகிறது. விண்ணப்பிக்குமுன் இரண்டு கேள்விகள் எழுதி அனுப்புகிறேன்: களத்தில் சேரும் தரவு யாரிடம் இருக்கும்? உள்ளூர்ச் செயற்றிட்டத்தைப் பெத்தகானவில் என் மாணவர்களோடு செய்யலாமா? முதற் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் சேரமாட்டேன்.