மூன்று வருடமா, மூன்று தீபாவளியா?

வடபழனிவாசி:
குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "பழைய பாட்டுப் படங்களை இன்று முழுதாகப் பார்ப்பவருக்கு விருதே கொடுக்கலாம். நட்டு வைத்த மாதிரி நின்றுகொண்டு பாடித் தீர்க்கிறார்கள்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஐயா, தியாகராஜ பாகவதர் பாடி நடித்த ஹரிதாஸ் நம்ம சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று வருடம் ஓடியது. இன்றைய படம் மூன்று வாரம் தாங்குமா?

ராயபுரம் ரீல்பெட்டி:
மூன்று வருடம் இல்லை. 1944 அக்டோபர் 16, தீபாவளி வெளியீடு. ஓடியது 768 நாள். விரல் விட்டு எண்ணுங்கள்: இரண்டு வருடம், ஒரு மாதம், ஒரு வாரம். தொட்டது மூன்று தீபாவளி. தீபாவளி வேறு, வருடம் வேறு.

அண்ணாநகர் அவசரம்:
எழுதியவன் நான்தான், மச்சான். குடும்பச் சண்டையை இங்கே கொண்டு வந்ததற்கு நன்றி. எத்தனை நாள் ஓடினால் என்ன? இன்று உட்கார முடிகிறதா? போன ஞாயிறு உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் என் மகள் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டாள்.

வடபழனிவாசி:
ஒன்றரை மடங்கு வேகத்தில் பாகவதரா! பாயசத்தில் மிளகாய்ப்பொடியைக் கொட்டிவிட்டு இனிப்பில்லை என்கிறீர்கள்.

ஐந்தரைக்கட்டை:
நின்று பாடியதற்குக் காரணம் உண்டு. பேசும் படம் வந்த புதிதில் இங்கே பின்னணிப் பாட்டு கிடையாது. கேமரா ஓடும்போதே பாட வேண்டும். வாத்தியக்காரர்கள் மரத்துக்கும் புதருக்கும் பின்னால் ஒளிந்து வாசிப்பார்கள். மைக்கை விட்டுத் தலையைத் திருப்பினால் குரல் போச்சு. மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடிப் பழகிய தொண்டைகள் வேறு, அதனால்தான் அந்த உச்சக் குரல். 1934இல் பாகவதர் நடித்த பவளக்கொடியை அடையாறில் வெயில் வெளிச்சத்தில் எடுத்தார்கள். மத்தியானச் சோற்றுக்கு வரும் காக்கைகள் கத்தி ஒலிப்பதிவைக் கெடுக்க, சுட்டு விரட்டத் துப்பாக்கியோடு ஓர் ஆள் இருந்தாராம். அப்படி எடுத்த படத்தில் சுமார் ஐம்பது பாட்டு!

ராயபுரம் ரீல்பெட்டி:
காக்கை இருக்கட்டும். "மூன்று வருடம்" இன்னும் மேலே அப்படியே நிற்கிறது.

அண்ணாநகர் அவசரம்:
சாம்பார் உப்புக் கரிக்கிறது என்றால், சமையல்காரருக்கு ஜுரம் என்கிறார் ஐந்தரைக்கட்டை. பாவம்தான். என் நாக்கு என்ன செய்யும்?

திருவல்லிக்கேணி மாமி:
ஹரிதாஸில் வரும் மன்மத லீலை பாட்டில் நடிகை டி.ஆர். ராஜகுமாரி ஒரு முத்தத்தைப் பறக்கவிடுவாரே, அதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் பார்த்தீர்களா?

அண்ணாநகர் அவசரம்:
அங்கே மட்டும் வேகத்தைக் குறைத்தோம், மாமி. அதற்காகப் படம் நல்ல படம் என்று எழுதித் தர மாட்டேன்.

ராயபுரம் ரீல்பெட்டி:
ஓடிய கதையையும் சொல்லிவிடுகிறேன். 1944 டிசம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதானார். மேல்முறையீட்டில் விடுதலையாகி வெளியே வந்தது 1947இல். அதாவது படம் ஓடிய காலத்தில் முக்கால்வாசிக்கு மேல் அவர் உள்ளே. யுத்தத்தால் ஃபிலிமுக்குப் பஞ்சம், ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று உத்தரவு. புதுப் படங்களே குறைவு, பாகவதர் படமோ வரவே வழியில்லை. ஜனம் இருந்ததையே திரும்பத் திரும்பப் பார்த்தது. அதுவும் இரண்டு வருடம், ஒரு மாதம், ஒரு வாரம்தான்.

வடபழனிவாசி:
ஜெயில் கதையை இழுக்காமல் உங்களுக்குத் தூக்கம் வராதே. போன மாசம் பாடகர் கிட்டப்பா பற்றிய இழையிலும் இதே வேலைதான். என் தாத்தா பிராட்வேயில் ஏழு தடவை பார்த்தவர். மூன்று வருடம் என்று அவரே சொன்னார்.

ராயபுரம் ரீல்பெட்டி:
தாத்தாவுக்கு ஒரு கும்பிடு. காலண்டருக்கு ஒரு கும்பிடு.

ஐந்தரைக்கட்டை:
தாத்தா தரை டிக்கெட்டா, பெஞ்சு டிக்கெட்டா?

வடபழனிவாசி:
பெஞ்சு. நக்கல் வேண்டாம்.

குரோம்பேட்டைக் கிராமபோன்:
எல்லோருமே 1944இல் நிற்கிறீர்கள். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் காளிதாஸுக்கு ஈடாகுமா? கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி! அதைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ராயபுரம் ரீல்பெட்டி:
எங்கே பார்த்தீர்கள்? அதன் பிரதியே இன்று கிடையாது.

குரோம்பேட்டைக் கிராமபோன்:
பழைய பாட்டுப் புத்தகங்கள் ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறேன். படித்தால் கண்முன் ஓடும்.

அண்ணாநகர் அவசரம்:
ஆக, இல்லாத படத்தை ரசிக்க முடிகிறது. இருக்கிற படத்தைத்தான் பார்க்க முடியவில்லை. நான் சொன்னதும் இதுதானே?

வடபழனிவாசி:
நீங்கள் அதைச் சொல்லவே இல்லை. வருகிற ஞாயிறு வீட்டுக்கு வாருங்கள், நேரில் பேசிக்கொள்வோம். கிராமபோன் சார், ஹரிதாஸ் பாட்டுப் புத்தகம் இருந்தால் போட்டோ எடுத்துப் போடுங்கள்.

ராயபுரம் ரீல்பெட்டி:
முதல் பதிவைத் திருத்தும் பொத்தான் வலது மூலையில் இருக்கிறது.

வடபழனிவாசி:
தெரிகிறது. எனக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது.

ஐந்தரைக்கட்டை:
பெஞ்சு டிக்கெட் அப்போது எத்தனை அணா?