மரேஷல்-ஃபெரான்: லாடம் அடிப்பவருக்கு ராணுவப் பட்டமா?

சொல்வேட்டை:
பிரெஞ்சில் குதிரைக்கு லாடம் அடிப்பவர் 'மரேஷல்-ஃபெரான்'. ஆனால் வெறும் 'மரேஷல்' என்றால் மார்ஷல், ராணுவத்தின் உச்சப் பட்டம். கிண்டலாக வைத்த பெயரா? பன்மையில் எந்தப் பாதி மாறும்?

குதிரைலாயம்:
கிண்டல் இல்லை. லாயம்தான் முதலில், பட்டமெல்லாம் பிறகு. பழைய ஜெர்மானிய மொழியான பிராங்கியத்தில் 'மர்ஹ்' குதிரை, 'ஸ்கல்க்' வேலையாள், சேர்த்தால் குதிரைக்காரன். இது மீட்டுருவாக்கிய வடிவம். எழுத்தில் கிடைப்பது லத்தீனாக்கிய 'மரிஸ்கல்குஸ்'. பெண்குதிரையைக் குறிக்கும் ஆங்கில 'மேர்' முதல் பாதிக்கு உறவு. இரண்டாம் பாதி ஜெர்மனில் 'ஷால்க்'. வேலையாள் போய் இன்று குறும்பன் ஆகிவிட்டான்!

அரண்மனை லாயத்தைப் பார்த்துக்கொண்டவர், குதிரைப்படையின் செல்வாக்கு வளர வளரப் படைத்தலைவர் ஆனார். அவருக்கு மேலே இருந்த 'கொனெத்தாப்ள்' பதவியும் லாயத்தில் பிறந்ததுதான்: லத்தீன் 'கோமெஸ் ஸ்தபுலி', லாயத்து அதிகாரி. 1627-ல் அந்தப் பதவியை ஒழித்தார்கள். ஊர்ப் பட்டறையில் இருந்த மரேஷலோ லாடம் அடிப்பது, குதிரை வைத்தியம் என்று பழைய வேலையிலேயே நின்றார். இருவரையும் பிரித்துச் சொல்லத்தான் 'ஃபெரான்' என்ற ஒட்டு.

பழஞ்சொல்:
பழைய பிரெஞ்சுக் கவிதைகளில் 'ஃபெரான்' இரும்புச் சாம்பல் நிறக் குதிரை. அந்தக் குதிரையைப் பார்த்துக்கொள்பவர் என்று கொள்ளலாமே?

இலக்கணப்புலி:
கொள்ள முடியாது. இரண்டுக்கும் வேர் 'ஃபெர்', இரும்பு என்பது சரி. ஆனால் இங்கே இருப்பது 'ஃபெரே', அதாவது லாடம் அடி என்ற வினையின் எச்சம்: லாடம் அடிக்கிற மரேஷல். அதனால்தான் கடைசியில் ஒலிக்காத t எழுத்து. d எழுத்தில் முடியும் 'ஃபெரான்' என்ற குடும்பப் பெயரை நினைத்துக்கொண்டு பலர் இங்கேயும் t-க்குப் பதில் d போட்டுவிடுகிறார்கள்.

பன்மையில் இரண்டு பாதியும் மாறும். முதல் பாதி 'மரேஷோ' ஆகும்; இரண்டாவது எஸ் ஏற்கும், காதில் விழாது. வினையெச்சமாகவே இருந்தால் எஸ் ஏற்காது. இங்கே பெயரடையாக நிற்பதால் ஏற்கிறது.

குதிரைலாயம்:
இத்தாலியர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. லாடம் அடிப்பவர் 'மனிஸ்கால்கோ', ராணுவத்தவர் 'மரெஷாலோ'. முன்னது நேராக வந்தது, பின்னது பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்தது. பிரெஞ்சிலும் 'மரேஷல் தெ லொழி' என்றால் வெறும் சார்ஜென்ட்தான். பட்டத்தைப் பார்த்து மிரண்டுவிடாதீர்கள்.